வீட்டுக்கே வந்து எடுக்கும் ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்ட்: பணம் கொடுக்கலாமா, வேண்டாமா?

கோவைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாக வயிற்று உப்புசம் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் சரியாக இருக்கும் பேன்ட் சாயங்காலம் இறுக்குகிறது, மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திவிட்டுத்தான் உட்கார முடிகிறது. சில நாள் ஆபீஸ் கிளம்புவதற்குள் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. எடை குறையவில்லை, ரத்தம் கித்தம் எதுவும் போகவில்லை, பசி நன்றாகவே எடுக்கிறது. வயது 44. டாக்டர் ‘கேஸ்தான், காரத்தைக் குறையுங்கள்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏப்பம் குறைந்தது, உப்புசம் அப்படியே இருக்கிறது.

இப்போது ஒரு லேப்காரர்கள் 220 உணவுக்கு ‘இன்டாலரன்ஸ்’ டெஸ்ட், அதாவது எது ஒத்துக்கொள்ளாது என்று பார்க்கும் டெஸ்ட் என்று ஆன்லைனில் போட்டிருக்கிறார்கள். ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாராம், பத்து நாளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக ரிப்போர்ட் வரும், சிவப்பில் இருப்பதை நிறுத்தினால் போதும் என்கிறார்கள். ஏழாயிரத்துச் சொச்சம். என் மனைவியின் ஆபீஸில் ஒருவர் எடுத்துப் பலன் கிடைத்ததாகச் சொன்னார். நான் நம்பர் கொடுத்ததிலிருந்து ஒரு பெண் தினமும் கூப்பிட்டு ‘சார், ஆஃபர் இன்னிக்கு நைட்டோட முடியுது’ என்கிறார். யாராவது எடுத்திருக்கிறீர்களா? வேஸ்ட்டா?

சும்மா_ஒரு_ஆள்:

ஆஃபர் நாளைக்கும் இருக்கும். அடுத்த வாரம் வரை போனை எடுக்காமல் இருந்து பாருங்கள், இன்னும் ஆயிரம் இறங்கும்.

மைக்ரோபிப்பெட்:

நான் லேப் ஆள். இந்த மாதிரி டெஸ்ட் ஓடும் பெஞ்சில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு உணவின் புரதம் ஒட்டியிருக்கும்: பால், கோதுமை, முட்டை வெள்ளைக்கரு இப்படி. உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தை, நீர்த்து அதில் விடுவோம். அந்தப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்கிற ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) உங்கள் ரத்தத்தில் இருந்தால் அங்கே பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிக் கொட்டிவிட்டு ஒரு ரசாயனம் சேர்த்தால் நிறம் வரும், எவ்வளவு அடர்த்தி என்பதை மெஷின் எண்ணாகக் கொடுக்கும். அந்த எண்ணில் எதற்கு மேல் போனால் சிவப்பு, எதற்குக் கீழே பச்சை என்று கோடு போடுவது கிட் செய்யும் கம்பெனி.

டெஸ்ட் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆன்டிபாடி நிஜமாகவே உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு அர்த்தம் ‘இந்த உணவை இவர் சாப்பிட்டிருக்கிறார்’ என்பதுதான். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு மாதிரி: யார் யார் வந்து போனார்கள் என்று இருக்கும், யார் திருடினார் என்று இருக்காது. வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்குத் துளித் துளியாகக் கடலை கொடுத்துப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, அதில் குழந்தைக்கு உடம்பு ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள ஐ.ஜி.ஜி.4 (ஐ.ஜி.ஜி.யிலேயே ஒரு வகை) ஏறும். அதாவது ஒத்துக்கொள்ளும்போது ஏறும் ஒரு சமாச்சாரத்தை ஒத்துக்கொள்ளாததற்கு அடையாளம் என்று விற்கிறார்கள். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008-லேயே இதை நோயறிதலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவிட்டது, அமெரிக்க அமைப்பு 2010-ல் அதை ஆதரித்தது, கனடாக்காரர்கள் 2012-ல் அதையே சொன்னார்கள்.

வள்ளிமயில்:

நான் எடுத்தேன். எனக்குப் பலன் கிடைத்தது. நிபுணர் சங்கம் என்ன சொல்கிறது என்பதைவிட என் வயிறு என்ன சொல்கிறது என்பது எனக்கு முக்கியம். எனக்குச் சிவப்பில் வந்தது பால், கோதுமை, முட்டை, முந்திரி. எல்லாவற்றையும் நிறுத்தினேன், சில வாரத்திலேயே உப்புசம் போய்விட்டது, முகத்தில் தெளிவு, எடையும் இறங்கியது. வருஷக் கணக்காக அந்த டாக்டர் இந்த டாக்டர் என்று அலைந்த காசுக்கு இது தேவலாம். எடுக்காதே என்று சொல்பவர்கள் யாரும் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை.

சத்துக்கணக்கு:

வள்ளிமயில், உங்களுக்குக் குறைந்தது நிஜம், அதில் சந்தேகமே இல்லை. நான் மதுரையில் டயட்டீஷியனாக இருக்கிறேன், இதே கதையை அடிக்கடி கேட்கிறேன், அதனால் ஒரு கேள்வி. பாலையும் கோதுமையையும் நிறுத்தியபோது உங்கள் நாளில் எதெல்லாம் சேர்ந்து போயிற்று? காபி, பன், பிஸ்கட், பரோட்டா, ஆபீஸ் கேன்டீன் பூரி, பிறந்தநாள் கேக், பேக்கரி பஃப்ஸ், பால் ஸ்வீட். சரியா?

பாலில் லாக்டோஸ் என்கிற சர்க்கரை, பலருக்கு அது சரியாகச் செரிக்காது. கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு வகை மாவுச்சத்து, அது சிறுகுடலில் யாருக்குமே செரிக்காது, பெருங்குடலில் கிருமிகள் தின்று வாயு விடும், சிலருக்கு அந்த வாயு வலியாகவும் உப்புசமாகவும் தெரியும். இரண்டுக்கும் ஆன்டிபாடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ‘ஃபாட்மாப்’ என்று பெயர் வைத்துத் தொகுத்த, இப்படிச் சரியாகச் செரிக்காமல் வாயு விடும் சர்க்கரை வகைகளின் பட்டியலில் இந்த இரண்டும் முன்வரிசையில் இருக்கின்றன. ரத்தமே எடுக்காமல், உப்புசம் உள்ள நூறு பேரிடம் ‘பாலையும் கோதுமையையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்’ என்று சொன்னாலும் ஒரு கணிசமான ஆட்களுக்குச் சுகம் தெரியும். இந்த டெஸ்ட் பலருக்கும் பாலையும் கோதுமையையும் சிவப்பில் காட்டுவதற்குக் காரணம் எல்லோரும் அதைத் தினமும் சாப்பிடுகிறோம் என்பதுதான். இரண்டும் சேர்ந்ததும் டெஸ்ட் பலித்த மாதிரி ஆகிவிடுகிறது.

முட்டையும் முந்திரியும் என்ன பாவம் செய்தன? அதைத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?

வள்ளிமயில்:

முட்டை நிறுத்தி ஒரு வருஷம் போல ஆனதும் மறுபடி டெஸ்ட் எடுத்தேன், அவர்களே தள்ளுபடி கொடுத்தார்கள். முட்டை பச்சைக்கு வந்துவிட்டது, சிவப்பில் புதிதாகத் தேங்காயும் பாதாமும். முட்டை குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

மைக்ரோபிப்பெட்:

இல்லைங்க. முட்டையை நிறுத்தினீர்கள், அதனால் ஆன்டிபாடி இறங்கியது. பசும்பாலுக்குப் பதில் பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் குடிக்க ஆரம்பித்திருப்பீர்கள், அதனால் அது ஏறியது. சரியா?

வள்ளிமயில்:

பாதாம் பால் குடித்தது உண்மை. தேங்காய் நாம் எப்போதும் சாப்பிடுவதுதானே.

மைக்ரோபிப்பெட்:

சரி, தேங்காயை விடுங்கள். இந்தச் சுற்று எங்கே போய் முடியும் என்று மட்டும் யோசியுங்கள். எதை அதிகம் சாப்பிடுகிறீர்களோ அது அடுத்த ரிப்போர்ட்டில் சிவப்பு.

லூட்டன்வாசி:

இங்கிலாந்தில் இருந்து எழுதுறன், ஊர் பருத்தித்துறை. இங்க இது இன்னும் மோசம், தபாலில கிட் வரும், விரல் நுனியைக் குத்தி அட்டையில நாலு சொட்டு வச்சு அனுப்பவேணும். அதுக்கும் கீழ்த்தரம் ஒண்டு இருக்கு, தலைமயிர் அனுப்புறது. என்ர மச்சாள் அப்பிடி அனுப்பினவ, மலிவு எண்டு. பத்துப் பக்கத்தில ஒரு ரிப்போர்ட் வந்தது: ரை, ஹேசல்நட், காட் மீன், ஒலிவ், ரூபார்ப். அவ ரூபார்பைக் கண்ணாலயும் கண்டதில்லை. குரக்கன் (கேழ்வரகு) இல்லை, உளுந்து இல்லை, முருங்கைக்காய் இல்லை, அவ நாளாந்தம் சாப்பிடுற ஒண்டுமே அந்தப் பட்டியலில இல்லை. மயிர் எண்டது செத்த புரதம், அதுக்குள்ள ஆன்டிபாடியும் இல்லை ஒண்டும் இல்லை.

இங்க மருத்துவ வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு 2011-ல பிள்ளையளுக்கான உணவு அலர்ஜி வழிகாட்டியில் தலைமயிர் டெஸ்ட், தோலில மின்சாரம் அளந்து பாக்கிற வேகா மெஷின், தசையை அமத்திப் பாக்கிற கினீசியாலஜி மூண்டையும் செய்யக்கூடாது எண்டும், ஐ.ஜி.ஜி.யை அலர்ஜி கண்டுபிடிக்கப் பாவிக்கக்கூடாது எண்டும் எழுதிப்போட்டுது. கடைகளில விக்கிறதை அது நிப்பாட்டேல்லை.

கோவைக்காரன் தம்பிக்கு ஒரு முக்கியமான விசயம்: எதையும் நிப்பாட்ட முதல் சீலியாக் டெஸ்ட் எடுங்கோ, அது கோதுமையில இருக்கிற குளுட்டன் எண்ட புரதத்தால சிறுகுடல் பழுதாகிற நோய். கோதுமையை நிப்பாட்டினாப் பிறகு எடுத்தால் சீலியாக் இருந்தாலும் இல்லை எண்டு காட்டலாம். இங்க டெஸ்டுக்கு முதல் ஆறு கிழமை நாளுக்கு ஒரு நேரத்துக்கு மேல கோதுமைச் சாப்பாடு சாப்பிடச் சொல்லுவினம்.

சத்துக்கணக்கு:

லூட்டன்வாசி சொன்னது ரொம்ப முக்கியம். வள்ளிமயில் மாதிரி ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கு இது ஒரு நிஜமான நஷ்டம், இனி அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றால் வாரக்கணக்கில் கோதுமையைத் திரும்பச் சாப்பிட வேண்டும்.

டெஸ்டின் பெயர் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ., அது ஐ.ஜி.ஏ. என்கிற வேறொரு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும். கூடவே ரத்தத்தில் உள்ள மொத்த ஐ.ஜி.ஏ.வும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. இருக்காது, அவர்களுக்கு முதல் டெஸ்ட் பொய்யாக நார்மல் காட்டும். நம் பக்கம் சீலியாக் அபூர்வம்தான். 2016-ல் வெளியான, நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வில் சீலியாக்குக்கான ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்று வந்தது. ஆனாலும் காலையில் பாத்ரூமுக்கு ஓடுகிற ஆளுக்கு அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கூட ரத்த எண்ணிக்கை, தைராய்டு, மலப் பரிசோதனை. இவ்வளவும் சேர்த்தாலும் பெரும்பாலும் அந்த ஏழாயிரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கோவைக்காரன், உங்களுக்கு மூன்று கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை காபி, எவ்வளவு பாலில்? வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா? ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியது ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

கடைசி_பெஞ்ச்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள், அதனால் எதிர்ப்பக்கம் இருந்து ஒன்று. ஐ.ஜி.ஜி. அடிப்படையில் உணவை நிறுத்தி ஆராய்ச்சியே நடக்கவில்லை என்பது மாதிரி பேசுகிறோம், நடந்திருக்கிறது. 2004-ல் ‘கட்’ என்கிற குடல்நோய் மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு: ஐ.பி.எஸ். (வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் அடிக்கடி வரும் குடல் தொந்தரவு) உள்ள 150 பேர், பாதிப் பேருக்கு அவர்கள் ரிப்போர்ட்படி நிஜமான டயட், பாதிப் பேருக்கு ரிப்போர்ட்டில் இல்லாத உணவுகளை நிறுத்தச் சொன்ன பொய்யான டயட், 12 வாரம். நிஜ டயட் ஆட்களுக்குத் தொந்தரவு மதிப்பெண் மற்றவர்களைவிட 10 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது, சொன்னபடி ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களை மட்டும் எடுத்தால் 26 சதவீதம். 2025-ல் அமெரிக்காவில் இன்னொன்று வந்தது, ஐ.பி.எஸ்.ஸுக்கென்றே 18 உணவுகளைத் தேர்ந்தெடுத்துச் செய்த டெஸ்ட், இருநூறு பேருக்கு மேல். வயிற்று வலி இலக்கு அளவுக்குக் குறைந்தவர்கள் நிஜ டயட்டில் 59.6 சதவீதம், பொய் டயட்டில் 42.1 சதவீதம். குப்பை என்று ஒரேயடியாகத் தள்ளும் ஆட்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மைக்ரோபிப்பெட்:

நல்ல கேள்வி, நியாயமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2004 ஆய்வில் நிஜ டயட் கூட்டத்தில் பாலும் கோதுமையும் நிறுத்தியவர்கள் பொய் டயட் கூட்டத்தைவிட ரொம்ப அதிகம். அப்போது வென்றது ஆன்டிபாடியா, பால் கோதுமையை நிறுத்தியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த விமர்சனம் அப்போதே வந்தது.

2025 ஆய்வை நான் மதிக்கிறேன், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கவேண்டிய ஒன்று. ஆனால் கோவைக்காரர் வாங்கப் போவது அந்த டெஸ்ட் இல்லை. அது கண்டறியப்பட்ட ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு, 18 உணவை மட்டும் வைத்து. இது 220 உணவு, கோடு எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அந்த 42.1-ஐப் பாருங்கள். தவறான உணவை நிறுத்தச் சொல்லியும் பத்துக்கு நான்கு பேருக்கு வலி குறைந்திருக்கிறது. ‘எனக்குப் பலித்தது’ என்று சொல்லும் ஒவ்வொருவரையும் இந்த எண்ணை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசி_பெஞ்ச்:

ஏற்றுக்கொள்கிறேன். ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லாமல் ‘இந்த விலைக்கு, இந்தப் பொருளுக்கு, இந்த ஆளுக்கு இல்லை’ என்று சொன்னால் எனக்குச் சண்டை இல்லை.

இரட்டைவால்_அம்மா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு நாலு வயது, முழங்கை மடிப்பில், முழங்காலுக்குப் பின்னால் எக்ஸிமா, ராத்திரி சொறிந்துகொண்டே தூங்குகிறான். இதே டெஸ்டில் குழந்தைகள் பேக்கேஜ் இருக்கிறது, பாலும் முட்டையும் நிறுத்தினால் தோல் சரியாகும் என்கிறார்கள். எடுக்கலாமா? பாட்டி கத்திரிக்காய்தான் காரணம் என்கிறார்.

சத்துக்கணக்கு:

வேண்டாம் மா. பெரியவர்கள் ஏழாயிரத்தைத் தொலைத்தால் போகட்டும் என்று விடலாம், குழந்தை விஷயம் அப்படி இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் புரதம், கால்சியம் எங்கிருந்து வரும்? இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது: எக்ஸிமா உள்ள குழந்தை இப்போது முட்டையைத் தொந்தரவு இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சாப்பாடுதான் உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறது. தேவையில்லாமல் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் கழித்துக் கொடுத்தால் சிலருக்குக் கடுமையான அலர்ஜியாகத் திரும்பியிருக்கிறது.

முட்டையோ பாலோ கொடுத்து சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது ஐ.ஜி.இ. என்கிற வேறு ஆன்டிபாடியால் உடனே வரும் அலர்ஜியாக இருக்கலாம், வேறு கதை, குழந்தைகள் அலர்ஜி டாக்டரிடம் போய்த் தோல் பரிசோதனை செய்ய வேண்டும். வரவில்லை என்றால் முதலில் தோலைக் கவனியுங்கள். குளித்ததும் ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூச வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்துகொண்டு பட்டாணி அளவு தொட்டுத் தடவக்கூடாது. பாதி வீட்டில் நடப்பது அதுதான்.

லூட்டன்வாசி:

இதோட ஒண்டு சேர்க்கிறன். பச்சை எண்டு வந்தால் பயமில்லை எண்டும் நினைக்கக்கூடாது. இறால் சாப்பிட்டு உதடு வீங்கின ஆளுக்கு இந்த டெஸ்டில இறால் பச்சை எண்டு வரலாம், அது பாக்கிறதே வேற ஆன்டிபாடி. அதை நம்பி ஒரு தட்டு இறால் பொரியல் சாப்பிட்டால் ஆஸ்பத்திரிதான்.

இரட்டைவால்_அம்மா:

உதடு வீக்கம் எல்லாம் வந்ததில்லை. களிம்பு விஷயத்தில் பிடிபட்டேன், ஸ்டீராய்டு என்றதும் மாமியார் ஒளித்து வைத்துவிட்டார். நன்றி அக்கா, டெஸ்ட் எடுக்கவில்லை.

கோவைக்காரன்:

சத்துக்கணக்கு மேடம், பதில்கள். காபி காலை இரண்டு, ஆபீஸில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, எல்லாம் டம்ளர் நிறையப் பாலில் போட்ட ஃபில்டர் காபி. ராத்திரி ஒரு கப் பால். மாத்திரை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், போன வருஷக் கடைசியில் 500-லிருந்து 1,000 ஆக்கினார்கள், இரண்டு வேளை. சுகர் ஃப்ரீ: ஆமாம், சர்க்கரை வந்ததிலிருந்து ஆபீஸ் டிராயரில் டயபெடிக் சாக்லேட் வைத்திருக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நாலு துண்டு. இதெல்லாம் வயிற்று டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சர்க்கரை டாக்டர் வேறு ஆள்.

திண்ணை:

தம்பி, மெட்ஃபார்மின்! அதைச் சொல்லாமல் 220 உணவுக்கு ஏழாயிரம் கட்டப் பார்த்தீர்களே. நான் ரிட்டயர்டு ஆள், பல வருஷமாக அந்த மாத்திரை. டோஸ் ஏற்றியபோது எனக்கும் காலை வாக்கிங் என்றால் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பார்க்கையே தேர்ந்தெடுப்பேன். டாக்டர் மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார், அடங்கியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை எகிறும். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

சத்துக்கணக்கு:

திண்ணை ஐயா முந்திக்கொண்டார். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கும் உப்புசமும் ரொம்பச் சாதாரணம், ஆரம்பத்தில் மட்டும் இல்லை, பல வருஷம் ஒத்துக்கொண்ட பிறகும் வரலாம். டயபெடிக் சாக்லேட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள்: மால்டிடால் அல்லது சார்பிடால் இருக்கும். அதெல்லாம் குடலில் பாதி உறிஞ்சப்படாமல் போய்த் தண்ணீரை இழுக்கும், வாயு விடும். அதிகம் தின்றால் பேதி ஆகலாம் என்று சில பாக்கெட்டில் அவர்களே அச்சடித்திருப்பார்கள்.

அப்புறம் பால். தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களில் லாக்டோஸைச் சரியாக உடைக்க முடியாதவர்கள் வடக்கைவிட அதிகம், பெரும்பான்மை என்றே சொல்லலாம். ஆனால் உடைக்க முடியாதவர்களிலும் பெரும்பாலானோர் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய கப் பால், பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். அளவு, எவ்வளவு இடைவெளியில் என்பதுதான் விஷயம், ஆமாம் இல்லை என்று ஒரு வரியில் முடிவதில்லை. இதையும் அந்தக் கலர் ரிப்போர்ட் சொல்லாது. தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், புளிக்கும்போது லாக்டோஸ் ஒரு பகுதி தீர்ந்துபோகிறது.

லாக்டோஸுக்கு நிஜமான டெஸ்ட் மூச்சுப் பரிசோதனை. முந்தின நாள் ராத்திரி பருப்பு, காய் இல்லாமல் வெறும் சோறு மாதிரி ஏதாவது சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, அரை மணிக்கு ஒரு தடவை மெஷினில் ஊத வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மூச்சில் வரும் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். பெரிய ஊர்களில் குடல்நோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள். கடைசி நாலு வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் தள்ளிப் போடுங்கள்.

சும்மா_ஒரு_ஆள்:

வீட்டிலேயே செய்ய ஒரு வழி இருக்கிறது, மெஷின் வேண்டாம், மனைவி போதும். லாக்டோஸ் இல்லாத பால் இப்போது அமுலே விற்கிறது. ஒரு வாரம் அதில் காபி, ஒரு வாரம் சாதாரணப் பாலில், எந்த வாரம் எது என்று உங்களிடம் சொல்லக்கூடாது. நீங்கள் தினமும் வயிற்றுக்கு மார்க் மட்டும் போடுங்கள். லாக்டோஸ் இல்லாத பால் கொஞ்சம் தித்திக்கும், ஏற்கெனவே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைந்திருப்பதால், அதனால் டிகாக்‌ஷனைக் கூட்டச் சொல்லுங்கள். 1995-ல் அமெரிக்காவில் ‘எனக்குப் பால் சுத்தமாக ஆகாது’ என்று சொன்ன 30 பேரிடம் இப்படித்தான் மறைத்துக் கொடுத்தார்கள், தினம் 240 மில்லி. இரண்டு பாலுக்கும் தொந்தரவில் பெரிய வித்தியாசமே இல்லை.

வள்ளிமயில்:

இதை நானும் செய்யப்போகிறேன். முட்டையையும்தான், அடையில் கலந்து போடச் சொல்கிறேன். டெஸ்ட் எனக்கு ஒரு தொடக்கமாவது கொடுத்தது என்று இன்னும் நினைக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டாவது தடவை எடுத்திருக்க வேண்டாம், தேங்காயை வீட்டில் தனியாக ஒதுக்கிச் சமைத்து ஆளாளுக்குச் சண்டை.

கோவைக்காரன்:

அப்டேட் போடுகிறேன். டெஸ்ட் வாங்கவில்லை. (ஆஃபர் இன்னும் முடியவில்லை, இப்போது 5,999.) சர்க்கரை டாக்டர் மெட்ஃபார்மினை எஸ்.ஆர்.-ஆக மாற்றினார். சாக்லேட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. காலையில் பாத்ரூமுக்கு ஓடுவது அநேகமாக நின்றுவிட்டது. சீலியாக் நெகட்டிவ், மொத்த ஐ.ஜி.ஏ. நார்மல், தைராய்டு சரி. சாயங்கால உப்புசம் பாதிதான் குறைந்திருக்கிறது, சாம்பார் சாப்பிட்ட நாளிலும் ஹோட்டல் குருமா நாளிலும் நன்றாகத் தெரிகிறது. காபிப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, மனைவி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அடுத்து வெங்காயம், பூண்டைக் குறைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வெங்காயம் பூண்டு இல்லாமல் எதைச் சமைப்பது? பெருங்காயம் போடலாம் என்றால் அதில் கோதுமை மாவு இருக்கிறதாமே?

சத்துக்கணக்கு:

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், உண்மை. சீலியாக் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். உங்களுக்கு நெகட்டிவ், ஒரு சிட்டிகையில் இருக்கும் மாவு ஒன்றும் செய்யாது, தைரியமாகப் போடுங்கள்.

வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதே ஃப்ரக்டான். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் பூண்டுப் பல்லை நசுக்காமல் போட்டு வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். ரசத்தில் கொதிக்கவிட்டுப் பூண்டை எடுத்துவிட்டால் பலன் இல்லை, தண்ணீரில் இறங்கிவிட்டிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம். துவரம்பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், சாம்பாரில் பருப்பைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

காபி முடிந்த பிறகு இதை ஆரம்பியுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. மூன்று நாலு வாரம் குறைத்துப் பார்த்துவிட்டு, முதலில் பூண்டை மட்டும் திரும்பச் சேருங்கள், கால் பல், அரைப் பல், முழுப் பல் என்று. அது ஒத்துக்கொண்டால் சின்ன வெங்காயம்.